இஜிஆர் வால்வு சிக்கிவிட்டதா? ஸ்கேனர், மல்டிமீட்டர், கழற்றிப் பார்ப்பது: உப்புக்காற்றில் எதை நம்பலாம்

ராமேஸ்வரம் சவாரி ஓட்டும் டீசல் வண்டிகளில் இஜிஆர் வால்வு (புகையை என்ஜினுக்குத் திருப்பும் வால்வு) சீக்கிரமே கரி பிடித்துவிடுகிறது. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுப் பயணிகள் திரும்பும்வரை வண்டி ஏசியோடு ஐடிலிங்கில் நிற்கும். என்ஜினுக்குச் சுமை இல்லாத அந்த நேரத்தில்தான் புகைக்கரி அதிகம் படியும். நம் ரோடும் தட்டை. பாம்பன் பாலத்து ஏற்றத்தை விட்டால், என்ஜின் மூச்சுப்பிடித்து இழுக்க வேண்டிய இடமே கிடையாது.

வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்குள், அதாவது என்ஜின் காற்று இழுக்கும் வழிக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது இந்த வால்வின் வேலை. அது திறந்தபடியே சிக்கினால் கரும்புகை வரும், பிக்கப் போகும், ஐடிலிங் தடுமாறும். மூடியபடி சிக்கினால் ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். செக் என்ஜின் லைட் மட்டும் எரியும்.

புகையையும் சத்தத்தையும் வைத்து முடிவு சொல்லும் மெக்கானிக்குகள் நம் பக்கம் நிறைய. அனுபவசாலி சொன்னால் காது கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தனுஷ்கோடி மணல் அடைத்த ஏர் ஃபில்டரும், இன்டர்கூலர் ஹோஸில் விழுந்த வெடிப்பும் இதே கரும்புகையைத்தான் தரும். அந்த இரண்டையும் பார்க்காமல் வால்வைக் குற்றம் சொல்லக் கூடாது. புகைச் சான்றிதழ் சோதனையும் பாதி உண்மைதான் சொல்லும். டீசலுக்கு அங்கே அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும். திறந்து சிக்கிய வால்வு அதில் மாட்டலாம், மூடிச் சிக்கியது சுத்தமாகத் தேறிவிடும்.

அடுத்தது ஸ்கேனர். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகினால் போனிலேயே கோளாறைச் சொல்லும் கோடு (code) வந்துவிடும். பி0401 என்றால் இஜிஆர் ஓட்டம் போதவில்லை, பி0402 என்றால் அளவுக்கு மீறி ஓடுகிறது, பி0403 என்றால் மின்சுற்றில் கோளாறு, பி0405 என்றால் வால்வு சென்சாரின் வோல்டேஜ் தாழ்ந்திருக்கிறது. இந்த நான்கில் எது வந்தாலும் "வால்வு போச்சுண்ணே, மாத்திரலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். புது வால்வின் விலை ஒரு டிரைவரின் பல நாள் சவாரிப் பணம் என்பதால் இது எனக்குப் பொறுக்கவில்லை. பி0403, பி0405 இரண்டும் முதலில் ஒயரைத்தான் காட்டுகின்றன.

கோடோடு நிறுத்தாமல் லைவ் டேட்டாவையும், அதாவது என்ஜின் ஓடும்போதே மாறும் எண்களையும் பார்த்தால் அதே மலிவு ஸ்கேனர் நல்ல கருவியாகிவிடும். எத்தனை சதவீதம் திறக்கச் சொல்லி கட்டளை போகிறது, அதில் எவ்வளவு பிழை என்ற இரண்டு எண்கள் பல வண்டிகளில் கிடைக்கும். 30 சதவீதம் திறக்கச் சொல்லியும் பிழை கழித்தல் 100 என்று நின்றால் வால்வு அசையவே இல்லை. முழுக்க மூடச் சொன்ன பிறகும் பிழை 99-ஐத் தொட்டால் மூட மறுக்கிறது. கூடவே காற்றளவு சென்சாரையும் பாருங்கள். இஜிஆர் திறக்கும்போது என்ஜின் இழுக்கும் புதுக்காற்று குறைய வேண்டும், மூடும்போது கூட வேண்டும். கட்டளை மாறியும் காற்றளவு மாறவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் வால்வின் நிலையைச் சொல்லும் வோல்டேஜும் வால்வில் மாட்டியிருக்கும் கனெக்டர் வழியாகத்தான் என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில், அதிலும் மீன் ஏற்றும் பிக்கப்புகளில், அந்தப் பின்களில் பச்சை பூத்துவிடும். அப்போது லைவ் டேட்டாவும் பொய் சொல்லும். கரையோர வண்டிக்கு மல்டிமீட்டரை ஸ்கேனருக்கு ஒரு படி மேலே நான் வைப்பது இதனால்தான். கனெக்டரைக் கழற்றி, சாவியை மட்டும் போட்டு, சென்சாருக்கு வரும் ஒயரில் 5 வோல்ட் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி மாட்டி, ஐடிலிங்கில் விட்டு, ஒயரை மெதுவாக ஆட்டியபடி லைவ் டேட்டாவைக் கவனியுங்கள். எண் துள்ளினால் கோளாறு ஒயரிலோ பின்னிலோ. கரியில் சிக்கிய வால்வு ஒயரை ஆட்டினால் துள்ளாது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே பல நேரம் லைட் அணைந்துவிடும்.

மின்மோட்டார் இல்லாத பழைய வேக்குவம் வகைக்கு மட்டும் கைப்பம்பு போதும். வேக்குவம் ஏற்றினால் வால்வின் தண்டு எழ வேண்டும், பம்பு மீட்டரின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. தண்டு எழுந்தும் ஓட்டும்போது வேலை செய்யவில்லை என்றால் ஹோஸையும், வேக்குவத்தைத் திறந்து மூடும் சொலினாய்டையும் பாருங்கள்.

கழற்றிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை: கரி கண்ணுக்குத் தெரியும், தண்டு அசைகிறதா என்று கைக்குத் தெரியும். ஆனால் என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும், கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், கரி கரைக்கும் ஸ்ப்ரே மோட்டார் பக்கம் இறங்கக் கூடாது. மாட்டிய பிறகு பல மாடல்களில் வால்வின் மூடிய நிலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மலிவு ஸ்கேனர் உதவாது, ஒர்க்ஷாப் ஸ்கேனர் வேண்டும். அதே கருவியால் வால்வைத் திறந்து மூடச் செய்தும் பார்க்கலாம் என்பதால், கழற்றும் முன்பே அங்கே ஒருமுறை காட்டிவிடுவது உத்தமம்.

இஜிஆர் பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடுவதைச் சிலர் இன்னொரு வழியாகச் சொல்வார்கள். சோதனைக்காகச் சற்று நேரம் அடைத்து, கரும்புகை நிற்கிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை. நிரந்தரமாக அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு தடையில்லாமல் வெளியேறும், பி0401 திரும்பத் திரும்ப வரும். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாடு கடுமையான புது விதி) வண்டியில் அந்தப் பேச்சே வேண்டாம்.