சாரம் மறுபடி கட்டாமல் இருக்க: வெறும் பூச்சா, துத்தநாகமா?

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் 40 வயதைத் தாண்டிவிட்டது. மும்பையில் 30 வயதைக் கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம். எங்களுக்குக் கிடைத்த வகை சி2பி. யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், ஆனால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயரும் தூணையும் உத்தரத்தையும் பழுதுபார்த்தே ஆகவேண்டும். சொசைட்டியின் பொருளாளர் என்பதால் மூன்று கொட்டேஷன்களையும் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலாவது, பாலிமர் கலந்த காரைப் பூச்சு. இரண்டாவது, அதே பூச்சுடன் துத்தநாக வில்லைகளையும் உள்ளே புதைப்பது. மூன்றாவது, பெயர்ந்த இடத்தை மட்டும் பூசிவிட்டு மற்ற இடங்களில் துருத்தடுப்புத் திரவம் தெளித்துப் பெயின்ட் அடிப்பது. மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கினேன். விலை மலிவு, தூசியும் குறைவு, உண்மைதான். ஆனால் திரவம் ஊறிக் கம்பிவரை போய்ச்சேர வேண்டும். உப்பு ஏற்கெனவே கம்பியைத் தொட்டுவிட்ட கட்டடத்தில் அதை நம்பிப் பணம் போட மனம் வரவில்லை.

உப்பு என்று எப்படித் தெரிந்தது? தணிக்கைக்கு வந்த பொறியாளர் தூணின் ஒரு மூலையை உடைத்து, அந்தப் புதிய முகத்தில் காரம் இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீன் திரவத்தைத் தெளித்தார். வெளிப்புறத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு நிறமே ஏறவில்லை; உள்ளே பளீரென்று ரோஜா நிறம். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை 12, 13 பி.எச். அளவில் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஊடுருவி அதை 9க்கும் கீழே இறக்கிவிட்டால் நிறம் வராது, கம்பிக்கும் காவல் போய்விடும். எங்கள் கம்பியோ ரோஜா நிறப் பகுதியில் இருந்துகொண்டே துருப்பிடித்திருந்தது. ஆகவே குற்றவாளி காற்று அல்ல, உப்பிலுள்ள குளோரைடு. துளைபோட்டு எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் அதுவே உறுதியானது. அந்தக் காலத்தில் கடற்கழி மணலைக் கொட்டிக் கட்டியதாகப் பழைய குடித்தனக்காரர்கள் சொல்வார்கள். குளியலறைக் கசிவுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்த ஒரு விஷயம்தான் என்னை இரண்டாவது கொட்டேஷன் பக்கம் தள்ளியது.

கமிட்டிக் கூட்டத்தில் நான்காம் மாடி மாமா கேட்டார்: "போன தடவையும் பூச்சுதானே பூசினார்கள்? மூன்றே மழையில் ஏன் மறுபடி வெடித்தது?"

"பூசிய இடம் வெடிக்கவில்லை மாமா, அதைச் சுற்றித்தான் வெடித்திருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்" என்று படிக்கட்டுக்கு அழைத்துப்போனேன். உத்தரத்தின் அடியில் பழைய பூச்சு கல்போல உறுதியாக இருந்தது. அதன் விளிம்பை ஒட்டி, படத்துக்குச் சட்டம் போட்டதுபோல விரிசல். அதிலிருந்து பழுப்பு நீர் வடிந்த தடம்.

காரணம் இதுதான். குடும்பத்தில் எல்லாத் திட்டையும் ஒருவரே வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் அல்லவா? துருப்பிடிக்கும் இடமும் அப்படித்தான். தான் அரிபட்டுக்கொண்டே பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றுகிறது. அதைச் சுத்தம் செய்து காரம் மிகுந்த புதுக் காரைக்குள் வைத்ததும் அது தியாகத்தை நிறுத்திவிடுகிறது. உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் பக்கத்துக் கம்பி அந்த வேலையை ஏற்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடிக்காமல் என்ன செய்யும்?

துத்தநாக வில்லை அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள அமர்த்திய ஆள். இரும்பைவிட எளிதாக அரிபடுவதால் கம்பிக்கு முன்னால் தான் கரைகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வில்லையைப் பூச்சின் விளிம்போரம் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். மின்சாரம் கொடுத்துக் காக்கும் முறையும் உண்டு. ஆனால் தண்ணீர் பம்ப் பழுதானாலே மூன்று நாள் கூட்டம் போடும் சொசைட்டிக்கு அது சரிவராது.

வில்லை வைத்தால் மட்டும் போதாது, வைக்கும் விதம் முக்கியம். எங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முதல் நாளே கம்பி முழுவதும் எப்பாக்சிப் பிசின் பூசி, அதன்மேல் வில்லையைக் கட்டினார்கள். எப்பாக்சி மின்னோட்டத்தை மறிக்கும். வில்லை வெறும் அலங்காரமாகிவிடும். பொறியாளர் அத்தனையையும் அவிழ்க்கச் சொன்னார். கம்பி பளபளக்கும்வரை தேய்த்து, மறுபடி கட்டி, கம்பியோடு மின்தொடர்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். பாலிமர் மிகுதியாகச் சேர்த்த காரையும் இதே கெடுதலைச் செய்யும். எனவே எந்தக் காரை என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

செலவு கூடுதல்தான். ஆனால் பில்லில் பெரிய தொகைகள் சாரத்துக்கும், உடைப்புக்கும், இடிபாடு அள்ளுவதற்கும் போயின. வில்லைக்கு மிச்சம்பிடித்துவிட்டு ஐந்தாம் வருடம் மறுபடி சாரம் கட்டினால் அத்தனையையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் சோதனையில் கார்பனேற்றம் (காற்று புகுந்து காரம் இறங்குவது) மட்டும் தெரிந்து குளோரைடு இல்லையென்றால், நல்ல பூச்சும் கார்பனேற்றத் தடுப்புப் பெயின்டும் போதும். எங்களைப் பார்த்து வில்லை வாங்காதீர்கள். கம்பியின் பருமனே தேய்ந்துபோயிருந்தால் வில்லை பலத்தைத் திருப்பித் தராது. எங்கள் தரைத்தள தூண்கள் இரண்டுக்கு மைக்ரோ கான்கிரீட்டில் உறை போட வேண்டியிருந்தது. தூண் பருத்ததில் ஒருவர் காரின் இடப்பக்கக் கதவு இப்போது பாதிதான் திறக்கிறது.

எங்கள் அனுபவம் நான்கு மழைக்காலம்தான். வில்லையின் ஆயுள் உப்பின் அளவையும் ஈரத்தையும் பொறுத்தது. பத்தாம் வருடத்தைப் பற்றி இப்போதே பெருமை பேச மாட்டேன். ஒவ்வோர் அக்டோபரிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன். கெட்டியான இடம் 'டங்' என்னும், விட்டுப்போன இடம் 'பொத்' என்னும். இந்த வருடம் ஒரே ஓரிடத்தில் 'பொத்' கேட்டது. மூன்றாம் மாடியின் சமையலறைச் சஜ்ஜா, அதாவது சன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் பலகை. வேலை நடந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள்; பழைய பூச்சைத் தொடவே இல்லை.