ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும்: ஆண்ட்ராய்டு போனில் எதுவரை காப்பாற்றும்?

ஆண்ட்ராய்டு போனில் பின்தொடரும் விளம்பர நிறுவனங்களின் கண்ணை மறைக்க ஒரே ஒரு பிரவுசரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஃபயர்ஃபாக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். முக்கியக் காரணம், விளம்பரங்களையும் பின்தொடர்தலையும் மறிக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) அதில் முழு வலுவோடு ஓடுவதுதான். போனில் ஓடும் குரோமுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது. கணினி குரோமிலும், எக்ஸ்டென்ஷன்களின் அதிகாரத்தைக் குறைக்கும் கூகுளின் மேனிஃபெஸ்ட் வி3 விதிகள் வந்த பிறகு, திறன் குறைந்த லைட் பதிப்புதான் மிச்சம். ஐபோன்காரர்களுக்கு இந்த விமர்சனம் பொருந்தாது. அங்கே ஃபயர்ஃபாக்ஸ், தளங்களைத் திரையில் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில் ஓடுகிறது, யூபிளாக் ஆரிஜின் அதில் ஏறாது.

நிறுவியபடியே விட்டுவிட்டால் பாதிப் பலன்தான். என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்‌ஷன் என்ற அமைப்பு 'ஸ்டாண்டர்டு' நிலையில் இருக்கும். அந்த நிலையிலேயே ஒவ்வொரு தளத்தின் குக்கீயும் (தளம் நம் பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறிப்பு) தனித்தனி டப்பாவில் அடைபடுகிறது. ஒரு தளத்தில் வைத்த குக்கீயை வேறொரு தளத்தில் எடுத்துப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது. ஆனால் பின்தொடரும் ஸ்கிரிப்டுகளையே (தளத்தோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்கள்) மறிக்கும் வேலை பிரைவேட் டேபில் மட்டும்தான் நடக்கும். சாதாரண டேபிலும் நடக்க வேண்டுமானால் செட்டிங்ஸில் அதை 'ஸ்டிரிக்ட்' ஆக்குங்கள். அப்படியே, மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டும் தளங்களைத் திறக்கும் எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோடை எல்லா டேபுக்கும் போட்டுவிடுங்கள். சர்ச் பகுதியில் தேடல் பரிந்துரைகளை அணைத்துவிடுங்கள்; அது ஓடினால் எண்டர் தட்டுவதற்கு முன்பே நீங்கள் அடிக்கும் எழுத்துகள் தேடுபொறிக்குப் போய்விடும். டேட்டா கலெக்‌ஷன் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்ததும், பலர் தவறவிடும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எந்த எக்ஸ்டென்ஷனுக்கும் பிரைவேட் டேபில் ஓட இயல்பாக அனுமதி கிடையாது. எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தில் நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், கூடுதல் ரகசியம் வேண்டித் திறக்கும் டேபில்தான் யூபிளாக் இருக்காது. அடுத்து அதன் டாஷ்போர்டில் ஃபில்டர் லிஸ்ட்ஸ், அதில் பிரைவசி. அங்கே இரண்டை டிக் செய்து 'அப்ளை சேஞ்சஸ்' அழுத்துங்கள். ஒன்று 'ஆட்கார்டு யூஆர்எல் டிராக்கிங் புரொடெக்‌ஷன்'. இது இணைப்பு முகவரியின் வாலில் ஒட்டிவரும் எஃப்பிகிளிட், ஜிகிளிட் போன்ற அடையாளக் குறிகளை வெட்டிவிடும். மற்றொன்று 'பிளாக் அவுட்சைடர் இன்ட்ரூஷன் இன்டு லேன்'. லேன் என்பது வீட்டு வைஃபை போன்ற உள் வலையமைப்பு. கண்ணில் பட்ட பட்டியலையெல்லாம் டிக் செய்ய வேண்டாம். போன் மந்தமாகும், தளங்கள் உடையும், எந்தப் பட்டியல் உடைத்தது என்று தேடுவது தனித் தலைவலி.

லேன் பட்டியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2025 ஜூனில் வெளியான ஆய்வே பதில். ஆண்ட்ராய்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் போனுக்குள்ளேயே சில போர்ட்டுகளை, அதாவது தகவல் வந்துபோகும் வாசல்களை, திறந்து காத்திருந்தன. பிரவுசரில் திறந்த தளத்தில், இந்த ஆப்களின் உரிமையாளரான மெட்டாவின் கண்காணிப்பு நிரலான மெட்டா பிக்ஸல் ஸ்கிரிப்ட் இருந்தால், அது தன் குக்கீ எண்ணை அந்தப் போர்ட் வழியாக ஆப்பிடம் ஒப்படைத்தது. ஆப்பில் நீங்கள் லாகின் செய்திருப்பதால், பிரவுசரில் இன்ன தளத்தைப் பார்த்தது இன்னார் என்று பெயரோடு தெரிந்துவிடும். குக்கீயை அழித்தாலும், பிரைவேட் டேபில் போனாலும் தப்ப முடியாது. விஷயம் வெளியே வந்ததும் மெட்டா நிறுத்திக்கொண்டது. பிக்ஸல் ஸ்கிரிப்டை யூபிளாக்கின் வழக்கமான பட்டியலே மறித்துவிடும். லேன் பட்டியல், வெளித் தளங்கள் உங்கள் போனையும் வீட்டு ரவுட்டரையும் நேராகத் தட்டிப்பார்ப்பதற்கு எதிரான இரண்டாவது தடுப்பு.

குறைகளுக்கு வருவோம். ஸ்டிரிக்ட் நிலையில் சில தளங்கள் மக்கர் செய்யும். வேறொரு நிறுவனத்தின் கணக்கை வைத்து லாகின் செய்யும் பட்டன் வேலை செய்யாது. பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். முகவரிப் பட்டையில் இருக்கும் கேடய ஐகானைத் தட்டி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணைத்துப் பாருங்கள். சரியாகவில்லையா, அதை மீண்டும் போட்டுவிட்டு யூபிளாக்கைத் திறந்து பெரிய பவர் பட்டனைத் தட்டி ரீலோட் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக அணைத்தால் தடங்கல் எதனால் வந்தது என்று தெரியாது.

வெளியேறும்போது தடயங்களை அழிக்கும் 'டிலீட் பிரவுசிங் டேட்டா ஆன் குவிட்' வசதியை நம்புகிறவர்கள் கவனிக்க: அதைப் போட்டதும் மெனுவில் புதிதாக வரும் 'குவிட்' என்பதைத் தட்டினால்தான் அழியும். ரீசன்ட் திரையிலிருந்து விரலால் தள்ளிவிட்டுப் போனால் குக்கீகள் அப்படியே கிடக்கும். இதைத் திரையிலேயே தெளிவாகச் சொல்லாதது, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் சோம்பல்.

தனியுரிமையில் மதிப்பெண் வாங்கினாலும் பாதுகாப்புக் கட்டமைப்பில் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலமாகப் பின்தங்கியே வந்திருக்கிறது. ஒவ்வொரு தளத்தையும் தனிச் சிறையில் ஓட்டும் ஏற்பாட்டில், குரோம் உள்ளிட்ட குரோமியம் பிரவுசர்கள் முந்திக்கொண்டன. விளம்பரதாரர்களைவிடத் திறமையான ஹேக்கர்களுக்கு அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மொசில்லா மீதான நம்பிக்கையும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தபோது, 'உங்கள் தரவை விற்கவே மாட்டோம்' என்ற பழைய வாக்குறுதியைத் தளத்திலிருந்து எடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் விதிகளின் வாசகத்தைத் திருத்தியது.

பிரவுசருக்கு வெளியே நடப்பது ஃபயர்ஃபாக்ஸின் கையில் இல்லை. சமூக ஊடக ஆப்பில் வரும் இணைப்பைத் தட்டினால் பல ஆப்கள் தங்கள் சொந்தச் சன்னலிலேயே திறக்கும். அங்கே யூபிளாக் கிடையாது. இணைப்பை வெளிப் பிரவுசரில் திறக்கும் வசதி அந்த ஆப்பின் செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முகவரியை நகலெடுத்து ஃபயர்ஃபாக்ஸில் ஒட்டுவதுதான் வழி. ஆண்ட்ராய்டு 12 முதல் போன் செட்டிங்ஸின் விளம்பரப் பகுதியில், விளம்பரதாரர்கள் உங்களை அடையாளம் காணும் அட்வர்டைசிங் ஐடியையே நீக்கலாம். நீக்கியபின் கேட்கும் ஆப்களுக்கு வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்க, ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் விளம்பரம் மறிக்கும் சேவை ஒன்றின் பெயரைக் கொடுத்தால் ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களும் ஓரளவு குறையும். ஆனால் விடுதி, விமான நிலைய வைஃபையில் லாகின் பக்கமே வராமல் இணையம் செத்தது போலக் கிடந்தால், அந்த அமைப்பைச் சற்று நேரம் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிப் பாருங்கள். பிரைவேட் டிஎன்எஸ் பயன்படுத்தும் 853-ஆம் போர்ட்டை அந்த வைஃபை மூடிவைத்திருக்கலாம்.