ஓஹிப் அட்டையோடு 25 வருடம்: ஒரு பாவனையாளரின் கணக்கு

2019 நவம்பரில் ஒரு விடியப்புறம், இரவு வேலை முடித்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே இருந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. அடுத்த நாள் அஞ்சியோகிராம், ஆறாம் நாள் பைபாஸ், மொத்தம் 11 நாள் கட்டிலில். வீட்டுக்கு வந்து மூன்று கிழமையால் தபாலில் ஒரு பில். மனைவி கை நடுங்கப் பிரித்தா. 45 டொலர். அது ஆம்புலன்ஸுக்கு. சத்திரசிகிச்சை, டொக்டர்மார், கட்டில், சாப்பாடு எல்லாத்துக்கும் ஒரு சதமும் இல்லை. அந்த 11 நாளும் மனைவி கார் நிறுத்தின காசு அதைவிட நாலு மடங்கு.

இந்தக் கதையை நியூ ஜேர்சியில் இருக்கிற மச்சானுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "உங்கட ஒன்ராறியோ மாதிரி இஞ்ச ஒவ்வொரு ஸ்டேட்டும் எல்லாருக்குமான காப்புறுதியைத் தன்ரபாட்டில தொடங்கினா என்ன?" ஓம் என்று ஒரு சொல்லில் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பை 2000 ஜனவரியிலிருந்து பாவிக்கிறேன். அதன் நல்லதும் என் உடம்பில் இருக்கிறது, ஓட்டையும் என் பொக்கற்றில் இருக்கிறது.

முதலில் ஒன்று. "கனடாவில் வைத்தியம் இலவசம்" என்று ஊரில் கதைப்பார்கள். அப்படி ஒரு கனடா அட்டை கிடையாது. 10 மாகாணம், 3 ஆட்புலம், 13 தனித்தனிக் காப்புறுதி. ஒன்ராறியோவினது ஓஹிப். எது உள்ளே, எது வெளியே, டொக்டருக்கு எவ்வளவு, புதிதாக வந்தவர் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எல்லாம் மாகாணம் எழுதுகிற சட்டம். நாங்கள் வந்து இறங்கியது 1999 ஒக்ரோபர். அப்போது குடிவரவாளராக வந்தவருக்கு ஓஹிப் கிடைக்க மூன்று மாதம் ஆகும். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, எங்களுக்கு இருந்தது. மகனுக்கு மூன்று வயது. ஸ்காபரோவின் முதல் குளிரில் அவனுக்கு வந்த காய்ச்சலுக்கு, முன்பதிவில்லாமல் போகிற வோக்-இன் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் காட்டினோம். அந்த மூன்று மாதமும் மனைவி அவனை மூன்று உடுப்புப் போட்டுத்தான் வெளியே விடுவா. 2020 மார்ச்சில் கொரோனாவோடு அந்த விதியை ஒன்ராறியோ எடுத்துவிட்டது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அட்டை கிடைத்தபிறகு முதல் நாலு வருடம் சொர்க்கம் என்றே சொல்லலாம். எங்களுக்கு ஒரு தமிழ் டொக்டர். நோவை தமிழில் சொல்லலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் ஓய்வு பெற்றபிறகுதான் விளங்கியது. "உளைவு", "குத்து", "விறைப்பு" மூன்றும் வேறு வேறு என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 2001 இல் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு எங்களுக்குச் செலவானது தொலைபேசி அட்டைக் காசு மட்டும், ஊருக்கு எடுத்துச் சொல்ல.

2004 இல் முதல் அடி. அந்த வருடம் ஒன்ராறியோ, வருமான வரியோடு சேர்த்து ஒரு சுகாதாரக் கட்டணம் கொண்டுவந்தது. வருமானத்தைப் பொறுத்து வருடத்துக்கு 900 டொலர் வரை. அதே வருடம் 20 முதல் 64 வயது வரையானவர்களின் சாதாரண கண் பரிசோதனையை ஓஹிப்பிலிருந்து வெளியே எடுத்தார்கள். இயன்மருத்துவத்தின் பெரும்பகுதியும் பின்னால் போனது. கூடக் காசு வாங்கிக்கொண்டு குறையத் தருவது என்றால் இதுதான். சலரோகம் உள்ளவர்களுக்குக் கண் பரிசோதனை தொடர்ந்தும் இலவசம் என்பதால், எனக்கு 2008 இல் சீனி வந்தபோது அந்த ஒரு வசதி திரும்பக் கிடைத்தது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

குளிசைதான் பெரிய ஓட்டை. ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறபோது தருகிற மருந்து இலவசம், வாசலைத் தாண்டினால் உங்கள் காசு. 65 வயதுக்குப் பிறகு மாகாணம் தருகிறது, வருடத்தின் முதல் 100 டொலரும் பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் 6.11 டொலர் வரையும் நாங்கள் கட்ட. அதற்கு முன் வேலைத்தலக் காப்புறுதி இருந்தால் தப்பினோம். 2009 இல் எங்கள் இரண்டு பேருடைய வேலையும் ஒரே வருடத்தில் போனது. அப்போதுதான் ட்ரில்லியம் என்கிற மாகாணத் திட்டத்தைப் பற்றி மருந்துக்கடைப் பெண் சொன்னா. குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தை நாங்கள் மருந்துக்குச் செலவழித்தால், மேலே வருவதை மாகாணம் பார்க்கும். நல்ல திட்டம். ஆனால் பத்து வருடமாக வரி கட்டின எனக்கு அப்படியொன்று இருப்பது தெரியாது. இன்னமும் எத்தனை தமிழ்ச் சனத்துக்குத் தெரியாதோ.

மகளின் கதை இதைவிட விசித்திரம். அவளுக்கு ஆஸ்துமா. 2018 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 25 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் மருந்து இலவசம் என்று அறிவித்தார்கள். மருந்துக்கடையில் ஹெல்த் கார்ட்டை மட்டும் காட்டி இன்ஹேலர் வாங்கினோம். 2018 ஜூனில் ஆட்சி மாறியது. 2019 ஏப்ரலிலிருந்து, தனியார் காப்புறுதி உள்ள பிள்ளைகளுக்கு அது இல்லை. மனைவியின் வேலைத்தலத்தில் காப்புறுதி இருந்தது, ஆகவே எங்களுக்கு இல்லை. 15 மாதம். ஒரு பிள்ளையின் மூச்சுக்கு ஒரு தேர்தல் அளவு ஆயுள். மாகாணத்தின் கையில் விட்டால் இதையும் சேர்த்துத்தான் விடுகிறோம்.

2021 இல் டொக்டர் ஓய்வு பெற்றார். இரண்டு வருடம் எங்களுக்குக் குடும்ப டொக்டர் இல்லை. ஒன்ராறியோவில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்று வாசித்தபோது ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. பைபாஸ் செய்தவன் நான், மருந்துச் சீட்டுப் புதுப்பிக்க வோக்-இன் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் புது முகத்துக்கு முன்னால் மகாபாரதம் முழுக்கச் சொல்ல வேண்டும். ஒரு முறை அவசரப் பிரிவில் ஒன்பது மணித்தியாலம் இருந்துவிட்டுக் காட்டாமலேயே திரும்பினேன். மனைவியின் முழங்கால் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு ஏழு மாதம். கடைசியில் மனைவியோடு வேலை செய்கிற ஒருவர் மூலம் ஒரு டொக்டர் கிடைத்தார். அங்கே ஒரு புதுப் பாடம்: அவரிடம் பதிந்துவிட்டு வெளியே வோக்-இன்னுக்குப் போனால், மாகாணம் அந்த டொக்டருக்குத் தந்த ஊக்கத்தொகையில் அப்போது கழித்தது. நாங்கள் அப்படி ஒருக்கா போனதுக்கு வரவேற்பு மேசையில் இருந்தவ கண்டித்தா. நோயாளிக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

ஆக, பெரிய வருத்தத்துக்கு 10க்கு 9 போடுவேன். குளிசைக்கும் கண்ணுக்கும் 3. பல்லுக்கு ஓஹிப் அநேகமாக முட்டை. அதை இப்போது ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், பல் திட்டம் ஓரளவு பார்க்கிறது, 2023 டிசம்பரில் தொடங்கியது.

மாகாண எல்லை என்பது எனக்கு வரைபடத்தில் ஒரு கோடாகத்தான் இருந்தது, மகன் 2015 இல் மொன்றியலுக்குப் படிக்கப் போகும்வரை. வேறு மாகாணத்தில் படிக்கிற பிள்ளைக்கு ஓஹிப் தொடரும், பிரச்சினை இல்லை என்று அனுப்பினோம். அங்கே ஒரு கிளினிக்கில் காதுக்குக் காட்டியவனிடம் கையில் காசு கேட்டார்கள். டொக்டர் கட்டணத்தை மாகாணங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் உடன்படிக்கையில் கியூபெக் சேரவில்லை. ஆசுபத்திரிச் செலவுக்குச் சேர்ந்திருக்கிறது, டொக்டருக்கு இல்லை. கட்டிவிட்டு ஒன்ராறியோவுக்கு விண்ணப்பித்தால் ஒன்ராறியோவின் விலைக்குத்தான் திரும்ப வரும். மீதி எங்கள் தலையில். இவ்வளவுக்கும் கனடா சுகாதாரச் சட்டத்தின் ஐந்து நிபந்தனைகளில் ஒன்று, காப்புறுதி மாகாணம் தாண்டியும் செல்ல வேண்டும் என்பது.

வின்னிபெக்கில் இருக்கிற அத்தானுக்கும் சலரோகம்தான். 2024 ஒக்ரோபரில் ஒட்டாவா ஒரு மருந்துச் சட்டம் நிறைவேற்றியது. ஒப்பந்தம் செய்கிற மாகாணங்களில் சலரோக மருந்துகளுக்கும் கருத்தடைக்கும் மத்திய அரசு காசு தரும். மானிட்டோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, யூகோன் கையெழுத்திட்டன. அத்தானுக்கு வந்தது. ஒன்ராறியோ அந்த முதல் வரிசையில் இல்லை. ஒரே நாடு, ஒரே வருத்தம், ஒரே குளிசை. போனில் கதைக்கும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

மச்சானின் கேள்விக்கு வருகிறேன். கனடாவில் இது ஒரு மாகாணத்தில்தான் தொடங்கியது, அது உண்மை. சஸ்கற்சுவான், கோதுமை வயல் மாகாணம், பணக்கார மாகாணமும் இல்லை. மாகாண முதல்வர் ரொமி டக்ளஸின் ஆட்சி 1947 இல் ஆசுபத்திரிக் காப்புறுதி தொடங்கியது, ஒருவருக்கு வருடத்துக்கு 5 டொலர். பத்து வருடம் ஒட்டாவாவின் காசில்லாமல் இழுத்தார்கள். 1962 ஜூலையில் டொக்டர் செலவையும் சேர்த்தபோது டொக்டர்மார் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாகாணம் பின்வாங்கவில்லை. ஆனால் மற்ற மாகாணங்கள் எல்லாம் அதைப் பார்த்து மனம் இரங்கியா பின்னால் வந்தன? 1957 இலும் 1966 இலும் ஒட்டாவா சட்டம் போட்டது: நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டு நடத்துங்கள், ஏறக்குறைய பாதிக் காசு நாங்கள் தருகிறோம் என்று. 1972க்குள் எல்லா மாகாணமும் உள்ளே. 1984 இன் கனடா சுகாதாரச் சட்டம் இன்னொரு பூட்டுப் போட்டது. நோயாளியிடம் மேலதிகமாக வாங்க விட்டால், அவ்வளவையும் மாகாணத்துக்கு வருகிற காசில் வெட்டுவார்கள். 1986 இல் ஒன்ராறியோ அதைத் தடை செய்தபோது இங்கேயும் டொக்டர்மார் 25 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் பைபாஸ் பில்லில் சத்திரசிகிச்சை டொக்டரின் தனிக் கணக்கு இல்லாமல் போனதற்கு அந்த 25 நாளும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் வேர்மொன்ட் மாநிலம் இதையே தனியே செய்யப் பார்த்தது. 2011 இல் சட்டமும் போட்டாயிற்று. 2014 டிசம்பரில் ஆளுநர் பீற்றர் ஷம்லின் கணக்கைப் பார்த்தார்: முதலாளிமார் சம்பளத்தில் 11.5 சதவீத வரி, அதற்கு மேல் சனத்திடம் வருமானத்துக்கேற்ப 9.5 சதவீதம் வரை. அவரே கைவிட்டார். "பாத்தியா, ஸ்டேட்டால ஏலாது" என்று மச்சான் சொன்னார். ஏலாது என்று நான் சொல்லவில்லை. 1947 இல் ஆசுபத்திரி என்றால் கட்டிலும் தாதியும் பென்சிலினும். இன்றைக்கு ஒரு மாநிலம் தனியே தொடங்கினால் முதல் நாளே ஸ்கானுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் காசு தேட வேண்டும். நடத்துகிற கை மாநிலத்தினதாக இருக்கட்டும். பின்னால் மத்தியின் காசோலையும் கடிவாளமும் இல்லாவிட்டால் அது நிற்காது, நின்றாலும் மகளின் 15 மாதம் மாதிரித்தான். இங்கேயும் 1977 இல் அந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கை மாற்றினார்கள். அதிலிருந்து மாகாணம் ஒட்டாவாவையும் ஒட்டாவா மாகாணத்தையும் குறை சொல்லுகிற நாடகம்தான் ஒவ்வொரு வருடமும்.

எல்லோருக்கும் என்ற சொல்லுக்கும் இங்கே எல்லை உண்டு. அம்மா 2014 இல் சூப்பர் விசாவில் வந்தா. அந்த விசாவுக்கு ஓஹிப் இல்லை, குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுத்தால்தான் விசாவே தருவார்கள். அடுத்த மாரியில் பனியில் வழுக்கிக் கை முறிந்தது. காப்புறுதிக் கொம்பனி அவவின் பழைய பிரஷர் குளிசைப் பட்டியலை மூன்று மாதம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் காசு தந்தது. அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "யாழ்ப்பாணத்துப் பெரியாசுபத்திரியில ஒரு துண்டு மட்டும்தானே எடுக்கிறனாங்கள், ஆரெண்டு கேக்கிறேல்லையே" என்றா. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வெடுத்து ஊருக்குப் போய் மாரி கழிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டை செல்லாது. கொழும்பில் தங்குகிற நாளும் வெளியே இருந்த நாள்தான்.

மாகாணம் மாறுகிறவர்கள் பழைய அட்டையை வெட்டி எறியாதீர்கள். புது மாகாணத்தின் அட்டை மூன்றாவது மாதம் முதலாம் திகதிதான் தொடங்கும், அதுவரை ஒன்ராறியோ அட்டைதான் செல்லும். மகன் இந்த வருடம் கல்கரிக்கு வேலைக்குப் போனான். போய் இறங்கின கிழமையே அட்டையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினான். இப்போது மூன்று உடுப்புப் போட்டுக்கொண்டு திரிகிறானாம்.