கீழக்கரையில மேட்ச் பாக்கணும்னா இந்த டீக்கடைக்கு போங்க

கத்தார்ல நடந்த ஆசிய கோப்பை கால்பந்துல இந்தியா மேட்ச் எல்லாம் கடற்கரை பக்கம் இருக்குற இந்தக் கடையிலதான் பாத்தேன், டிவி பெருசு, இறால் வாடா சுடச்சுட வரும், டீல மட்டும் சீனி தூக்கல். ஆனா கடைக்கு உயிரே அங்க நடக்குற வாக்குவாதம்தான். ஆஸ்திரேலியாட்ட 2-0ன்னாலும் முதல் பாதி முழுக்க கோலே விடலயேன்னு ஒரு காக்கா (இங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) சொல்ல, உஸ்பெகிஸ்தான்ட்ட 3-0, சிரியாட்ட 1-0, மொத்தத்துல ஒரு கோல் கூட அடிக்கலயே காக்கா, கேப்டன் சேத்ரிக்கு அப்புறம் யாருன்னு கோச் ஸ்டிமாக் யோசிக்க வேணாமான்னு இன்னொருத்தர் எந்திரிச்சிட்டாரு. எனக்கும் அதே கோவம்தான், 1964ல ரெண்டாவது வந்த நாடுங்க இது! ஒரு டீயோட எவ்வளவு நேரம் உக்காந்து பேசினாலும் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டாரு, அதுக்கே அஞ்சு ஸ்டார். மேட்ச் அன்னிக்கு கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க, இடம் கிடைக்காது.