30 நாள் லென்ஸை இரண்டரை மாதம் போடச் சொன்ன கடை

வேலூர் பக்கம் காண்டாக்ட் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பேரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன். எனக்கு நடந்தது இதுதான்.

எனக்கு வீடு காட்பாடி, வேலை சென்னையில். வாரத்தில் 3 நாள் ஆபீஸ் போக வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து குளித்து லென்ஸைப் போட்டுக்கொண்டு ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால், திரும்பி வந்து அதைக் கழற்ற ராத்திரி 9 ஆகிவிடும். மைனஸ் 6 பவர். ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் கண்ணாடி கோணிக்கொள்கிறது என்ற கடுப்பில்தான் லென்ஸ் பக்கமே போனேன்.

கடைக்காரர் என் பழைய கண்ணாடிச் சீட்டை வாங்கிப் பார்த்து அப்படியே மைனஸ் 6 லென்ஸ் எடுத்துக் கொடுத்தார். கண்ணில் எந்தக் கருவியும் வைத்துப் பார்க்கவில்லை. லென்ஸ் கண் மேலேயே உட்காருவதால் இந்த அளவு பவருக்குக் கொஞ்சம் குறைத்து, ஐந்தரை போலத் தர வேண்டுமாம், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாயங்காலமானால் வந்த தலைவலியை நான் ரயில் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, அதுகூடப் போகட்டும். "இது மந்த்லி லென்ஸ்மா, 30 தடவை போடலாம். நீங்க வாரத்துல 3 நாள்தானே, ரெண்டரை மாசம் வரும்" என்றார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ரயிலில் அசந்து தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆவாதுமா, காத்து போற லென்ஸ்" என்றார். ஊறப்போட ஒரு 100 மில்லி பாட்டிலும் கொடுத்தார். மொத்தம் 1,850 ரூபாய். பில்லில் "ஆப்டிகல் ஐட்டம்" என்று ஒரே வரி, லென்ஸின் பேர்கூடக் கிடையாது.

முதல் மாதம் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு சாயங்காலம் ஆபீஸ் ஏசியில் இருந்து வெளியே வரும்போது கண்ணில் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரியும், காலையில் பீளை, ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் விளக்குகளைச் சுற்றிப் புகை, இமைக்கும்போது லென்ஸ் மேல் இமையோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். வேலூர் வெயிலும் புழுதியும் தெரியாதா, அதுதான் என்று சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன். அது என் முட்டாள்தனம்.

கண் டாக்டர் முதலில் சின்னக் காகிதப் பட்டையைக் கீழ் இமையில் செருகி 5 நிமிடம் வைத்தார். 16 மில்லிமீட்டர் நனைந்திருந்தது. அப்புறம் ஒரு சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் இமைக்காமல் பார்க்கச் சொன்னார். கண்ணீர்ப் படலம் உடையாமல் 10 நொடியாவது தாங்க வேண்டுமாம், எனக்கு 4 நொடியில் உடைந்தது. "கண்ணீர் நல்லாத்தாம்மா சுரக்குது, நிக்கத்தான் மாட்டேங்குது" என்றார். மழை பெய்தும் ஏரியில் தண்ணீர் தங்காத கதைதான்.

அந்தப் படலம் ஏறக்குறைய 3 மைக்ரான் கனம்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அடியில் சளி, நடுவில் நீர், நீர் ஆவியாகாமல் காக்க மேலே எண்ணெய். லென்ஸ் இதைவிடப் பல மடங்கு தடிமன். அது நடுவில் போய் உட்கார்ந்ததும் படலம் முன்னே பின்னே என்று இரண்டாகப் பிரிகிறது, முன்பக்கம் சீக்கிரம் காய்கிறது. புது லென்ஸ் என்றால் ஓரளவு சமாளிக்கும். ஆனால் கண்ணீரில் இருக்கும் புரதமும் கொழுப்பும் நாளாக ஆக லென்ஸில் படிந்து, அதன் மேல் ஈரம் பரவவே விடாது. லென்ஸின் உறையைப் பிரித்த நாளிலிருந்து 30 நாள் என்பதுதான் கணக்கு, எத்தனை தடவை போட்டோம் என்பது கணக்கே இல்லை. போடாத நாளிலும் டப்பாவுக்குள் அதற்கு வயதாகிறது.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டருக்கு முகமே மாறிவிட்டது. கருவிழியில், அதாவது லென்ஸ் உட்காருகிற கண்ணாடி போன்ற கார்னியாவில், ரத்தக் குழாய் கிடையாது, அது ஆக்சிஜனை நேராகக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. கண்ணை மூடினாலே கிடைக்கிற ஆக்சிஜன் பாதியைவிடக் குறைந்துவிடுகிறது, அதற்கு மேல் ஒரு லென்ஸ் வேறு. நானோ வாலாஜா ரோடு தாண்டுவதற்குள் தூங்கிப் பெரம்பூரில் விழிக்கிற ஆள். கருவிழி ஓரத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளே வளர ஆரம்பித்திருந்தன. மேல் இமையைத் திருப்பினால் உள்ளே பொரிப்பொரியாக இருந்தது. லென்ஸோடு தூங்கினால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு கூடும், உனக்குப் புண் வராமல் இருந்தது அதிர்ஷ்டம் என்றார். வைத்திருந்த உறையைக் காட்டினேன். பகலில் மட்டும் போடுகிற வகையாம்.

இதையெல்லாம் மிஞ்சியது அந்த பாட்டில். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் அதே நார்மல் சலைன். லேபிளில் எழுதித்தான் இருந்தது, சலைன் என்றால் லென்ஸ் கழுவும் மருந்து என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது வெறும் உப்புத் தண்ணீர், ஒரு கிருமியையும் கொல்லாது, திறந்த பிறகு அதிலேயே கிருமி வளரும். கேட்டு வாங்க வேண்டியது லென்ஸைக் கழுவவும் கிருமியைக் கொல்லவும் ஊறப்போடவும் ஆகிற மல்டிபர்ப்பஸ் சொல்யூஷன். அதையும் தினம் புதிதாக ஊற்ற வேண்டும், பழையதோடு சேர்த்து நிரப்பக் கூடாது. குழாய்த் தண்ணீர் படவே கூடாது, அதில் இருக்கும் அமீபா கருவிழியைத் தின்றுவிடும். லென்ஸோடு குளிப்பதும் இதில் சேரும்.

எனக்கு 3 மாதம் கண்ணாடி மட்டும், வெந்நீர் ஒத்தடம், பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்து. அதன் பிறகும் வேண்டுமென்றால் ஒரு நாள் போட்டுத் தூக்கிப்போடுகிற வகை, அதுவும் ஆபீஸ் போய்ப் போட்டு ரயில் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும்.

போன சனிக்கிழமை பில்லோடு கடைக்குப் போனேன். "தண்ணில கழுவியிருப்பீங்கமா" என்றார். இல்லை, நீங்கள் கொடுத்த மருந்தில்தான் ஊறப்போட்டேன் என்றேன். "அப்ப பாட்டில்தான் கெட்டுப்போயிருக்கும், வேற தரேன், காசு வேணாம்" என்று அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். திருப்பிப் பார்த்தேன். அதே நார்மல் சலைன்.