14,000 கிலோமீட்டரும் தொப்பூர் இறக்கமும்

2024 பொங்கலுக்குச் சேலம் போய் வந்தோம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா தொடங்கிய தடம். சுமார் 14,000 கிலோமீட்டர், 17 மணி நேரத்துக்கு மேல். நாலு வயது மகளை வைத்துக்கொண்டு எப்படி என்று பயந்துகொண்டுதான் ஏறினேன். அவளோ பாதி நேரம் தூங்கினாள். விழித்ததும் எதிரே இருந்த திரையில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டு, "இது என்னம்மா?" என்றாள். வடதுருவப் பக்கத்துப் பனி. தாளில் போட்ட வரைபடத்தில் பார்த்தால் சுற்றுவழி, உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்குவழி. திரும்பும்போது பசிபிக் வழி. அது தூரம் கூடுதல்தான், ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறைந்தது.

கஷ்டம் இறங்கிய பிறகுதான். பேசி வைத்திருந்த கார் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நமக்கோ ஊரையே தாண்டித் தெற்கே ஓசூர் சாலையைப் பிடிக்க வேண்டும். விடிந்துவிட்டால் அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அப்புறம் கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் மலையிறக்கம். அந்த இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் டிரைவர் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தார். எத்தனையோ விபத்துகளைப் பார்த்த இடம். அவருடைய நிதானத்துக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன். மகள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். கொஞ்ச தூரத்திலேயே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். அதைத் தாண்டிப் போகும்போது மனசே கேட்கவில்லை.

வீட்டில் அப்பா கேட்டார்: "ஏன் கண்ணு, பெங்களூர்ல இருந்து பிளேன்ல ஒரு மணி நேரந்தானாமே?"

உண்மைதான். சேலத்திலிருந்து 2018-ல் சென்னைக்கு விமானம் வந்தது, 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் பெங்களூர் உட்பட சில ஊர்களுக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் என்பதால் வருவது இறக்கையில் விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானம்.

திரும்பும்போது அதிலேயே டிக்கெட் போட்டோம். ஒன்று கவனியுங்கள்: தனி டிக்கெட்டாக எடுத்தால் உள்நாட்டுக் கணக்கில் ஆளுக்கு 15 கிலோதான். அம்மா கட்டிக் கொடுத்த ஏற்காட்டு மிளகும் காப்பித்தூளும் இருந்த பெரிய பெட்டிகளைச் சித்தப்பா பையன் பெங்களூருக்குக் காரில் கொண்டுவந்து கொடுத்தான். முடிந்தால் கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிடுங்கள்.

மூட்டுவலியால் அப்பா இதுவரை பெங்களூர் வரை வழியனுப்ப வந்ததே இல்லை. காமலாபுரம் 20 கிலோமீட்டர்தானே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பேத்தியின் கையைப் பிடித்து வாசல் வரை நடந்தார். பெங்களூரில் இறங்கி போனைப் போட்டால் அவருடைய குரல்பதிவு: "மலைப்பக்கம் திரும்புற வரைக்கும் பாத்துட்டே நின்னோம் கண்ணு. இப்பத்தான் கிளம்புறோம்."