தனித்தனியாகப் பார்ப்பதா, சேர்த்துப் பார்ப்பதா?

அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 1976-ல் தீர்ப்பு வந்தது. 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை எனலாம். அப்புறம் ஆட்குறைப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டும். 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போனது.

நீதிமன்றம் இனத்தையும் பாலினத்தையும் தனித்தனியாகப் பார்த்தது. பெண்களை எடுத்திருக்கிறார்களா? ஆமாம், வெள்ளையினப் பெண்களை. எனவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் புகாரா? ஏற்கெனவே நடக்கும் இன்னொரு இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் இணைத்துக் கேட்க வழியில்லை.

சேர்த்துப் பார்த்தால் கேள்வியே வேறு: கறுப்பினப் பெண்ணுக்கு என்ன நடந்தது? எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. முதல் வழியில் அந்த ஐவரின் இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. 1980-ல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பார்வையை ஏற்றது. 1989-ல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இதைக் கோட்பாடாகவே எழுதினார்.